மென்பொருளுக்கு முத்திரை

சான்று பெற்ற விதை மூட்டையின் வாயில் நீல நிறச் சீட்டு ஒன்று தைக்கப்பட்டிருப்பதைக் களப் பணியாளர் யாவரும் அறிவர். ஆதார விதையாயின் அச்சீட்டு வெண்மையாக இருக்கும். சீட்டும் அதனுடன் இடப்பட்ட முத்திரையும் உழவருக்கு இரண்டு செய்திகளைத் தெரிவிக்கின்றன. இவ்விதையை இன்னார் பொறுப்பேற்று வெளியிட்டனர் என்பது ஒன்று. மூட்டை கட்டப்பட்ட பின்னர் எவரும் அதைத் திறந்து கலப்படம் செய்யவில்லை என்பது மற்றொன்று. ஆனால், சீட்டைத் தைத்துவிட்டதனால் மட்டும் விதை நல்லதாகிவிடுவதில்லை. வயலில் பயிர் நிற்கும்போதே ஆய்வாளர் நேரில் சென்று, பிற இரகச் செடிகள் நீக்கப்பட்டனவா, அண்டை வயலுக்கும் இதற்கும் போதிய இடைவெளி உள்ளதா என்று பார்க்கிறார். பின்னர் விதையின் மாதிரி சோதனைச் சாலையில் ஆராயப்படுகிறது. இவையெல்லாம் முடிந்த பிறகே சீட்டு வழங்கப்படுகிறது. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தையொட்டி நடைபெறும் இவ்வேற்பாட்டில் சீட்டு என்பது கடைசிப் படியே அன்றி முழு வேலையும் அன்று.

கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் இயங்கும் மென்பொருளுக்கும் இத்தகைய முத்திரை ஒன்று உண்டு. அதனை நிரல் கையொப்பம் என்பர். இன்று மென்பொருளை உருவாக்கும் வேலையின் பெரும்பகுதி மனிதர் கையிலிருந்து தானியங்கு முறைகளுக்குச் சென்றுவிட்டது. ஆகவே, முத்திரையிடும் வேலையையும் அம்முறையுடனேயே இணைக்க வேண்டிய தேவை எழுந்துள்ளது. இவ்விணைப்பை எவ்வாறு செய்வது, எங்கே தவறு நேரக்கூடும் என்பவற்றை உலகம் சில கசப்பான அனுபவங்களின் வாயிலாகவே கற்றது. பள்ளிக் கணிப்பொறியைப் பேணும் ஆசிரியரும், கைப்பேசியில் கிராமக் கணக்குகளைப் பதியும் களப் பணியாளரும் நாள்தோறும் இம்முத்திரையை நம்பியே வேலை செய்கின்றனர். ஆதலால் அதன் வலிமையையும் எல்லையையும் அறிந்துகொள்வது அவர்களுக்கும் பயன் தருவதாகும்.

கையொப்பத்தின் கணிதம்

நிரல் கையொப்பம் என்பது மையினால் இடப்படும் ஒப்பம் அன்று. அது ஒரு கணக்கு. இதன் அடிப்படைக் கருத்தை 1976ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டனர். மறுஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதனைச் செயல்முறைக்கு உகந்த கணக்காக்கினர்.

இம்முறையில் கையொப்பமிடுபவரிடம் இரண்டு சாவிகள் உள்ளன. ஒன்று இரகசியச் சாவி. அது அவரிடம் மட்டுமே இருத்தல் வேண்டும். மற்றது பொதுச் சாவி. அதனை எவரும் பெறலாம். முதற்கண் மென்பொருள் முழுவதும் ஒரு கணக்கின் வழியே செலுத்தப்பட்டு, ஒரே அளவுள்ள சுருக்கெண்ணாக மாற்றப்படுகிறது. மென்பொருள் எவ்வளவு பெரிதாயினும், இன்று வழக்கிலுள்ள முறையில் இவ்வெண் 256 இரும இலக்கங்களைக் கொண்டதாகவே இருக்கும். மென்பொருளில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் சுருக்கெண் முற்றிலும் வேறாகிவிடும். இச்சுருக்கெண்ணின் மீதே இரகசியச் சாவி கொண்டு கையொப்பம் இடப்படுகிறது.

வகுப்பறையில் விளக்குவதற்கு ஏற்ற சிறு எடுத்துக்காட்டு வருமாறு. 3, 11 என்னும் இரு பகா எண்களின் பெருக்கற்பலன் 33. இதற்குப் பொருந்தும் இரகசியச் சாவி 7 எனவும், பொதுச் சாவி 3 எனவும் கொள்க. ஒரு மென்பொருளின் சுருக்கெண் 4 எனில், 4இன் 7ஆம் அடுக்கு 16,384 ஆகும். அதனை 33ஆல் வகுக்க மீதி 16. இந்த 16 என்பதே கையொப்பம். மென்பொருளைப் பெறுபவர் தம்மிடமுள்ள பொதுச் சாவியைக் கொண்டு 16இன் 3ஆம் அடுக்கைக் காண்கிறார். அது 4,096. அதனை 33ஆல் வகுக்க மீதி 4. தாமே கணக்கிட்ட சுருக்கெண்ணும் 4 ஆக இருந்தால் மென்பொருள் மாறவில்லை என்று தெளிகிறார். இடைவழியில் எவரேனும் மென்பொருளைத் திருத்தியிருந்து, அதன் சுருக்கெண் 5 ஆகியிருந்தால், கையொப்பம் தரும் 4 அதனோடு பொருந்தாது, கலப்படம் வெளிப்பட்டுவிடும்.

33 என்னும் எண்ணை 3, 11 எனப் பிரித்து, அதிலிருந்து இரகசியச் சாவியைக் கண்டுபிடிப்பது மாணவர்க்கும் எளிது. ஆனால், மென்பொருள்களுக்குச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் இவ்வகைச் சாவிக்கு இன்று குறைந்த அளவாகக் கொள்ளும் 3,072 இரும இலக்க எண்ணைத் தசம முறையில் எழுதினால் 925 இலக்கங்கள் வரும். அத்தகைய எண்ணை அதன் பகாக் காரணிகளாகப் பிரிக்க இன்றுள்ள கணிப்பொறிகளால் இயலாது. கையொப்பத்தின் வலிமை இதில்தான் அடங்கியுள்ளது.

இனி, ஒரு பொதுச் சாவி இன்னாருக்கு உரியது என்று யார் சொல்வது? இதற்காகவே சான்றளிக்கும் அமைப்புகள் உள்ளன. அவை உரியவரின் அடையாளத்தைச் சரிபார்த்து, அவருடைய பெயரையும் பொதுச் சாவியையும் இணைத்துச் சான்றிதழ் வழங்குகின்றன. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இலக்கமுறைக் கையொப்பத்திற்குச் சட்ட மதிப்பை அளித்தது. சான்றளிக்கும் அமைப்புகளுக்கு உரிமம் வழங்க ஒரு கட்டுப்பாட்டு அதிகாரியையும் ஏற்படுத்தியது. இரகசியச் சாவியைத் தம் வசத்திலேயே வைத்துக் காக்க வேண்டிய கடமை சாவிக்குரியவரைச் சார்ந்தது என்பதையும் அச்சட்டம் கூறுகிறது.

உருவாக்க ஆலை

மனிதர் எழுதும் மூலநிரல் நேரடியாக வெளியிடப்படுவதில்லை. அது யந்திரத்திற்குரிய வடிவிற்கு மாற்றப்பட்டு, பிறர் எழுதிய துணை நிரல்களுடன் இணைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, பொதியாகக் கட்டப்படுகிறது. முன்னர் ஒரு பொறியாளர் தம் மேசையிலிருந்த கணிப்பொறியிலேயே இவற்றைச் செய்து முடித்து, இறுதியில் கையொப்பமும் இட்டு அனுப்புவார். இன்றோ, மூலநிரலில் ஒருவர் திருத்தம் செய்தவுடன், அதற்கென ஒதுக்கப்பட்ட சர்வர் அதனைத் தானே எடுத்து, எல்லாப் படிகளையும் வரிசையாக நடத்துகிறது. ஒரு நாளில் பல முறை இது நிகழக்கூடும். நெல் ஒரு முனையில் கொட்டப்பட்டு, மறுமுனையில் மூட்டையாக வெளிவரும் அரிசி ஆலைக்கு இதனை ஒப்பிடலாம்.

இத்தகைய ஆலையில் கையொப்பமிட மட்டும் ஒருவர் வந்து காத்திருத்தல் இயலாது. அவர் விடுப்பில் சென்றால் வேலை நிற்கும். அவசரத்தில் கையொப்பமின்றியே பொதி வெளியேறவும் கூடும். ஆதலால் கையொப்பமும் தானியங்கு முறையில் ஒரு படியாகச் சேர்க்கப்படுகிறது. இதனைச் செய்ய எளிய வழி, இரகசியச் சாவியைக் கோப்பாக அந்தச் சர்வரிலேயே வைத்துவிடுவதாகும். எளிய வழியாயினும் இதுவே மிகவும் ஆபத்தான வழியுமாகும். அலுவலக முத்திரையைப் பூட்டாத மேசை மீது வைத்துவிட்டுச் செல்வதை இது ஒக்கும். அந்த அறைக்குள் நுழையக்கூடியவர் எவரும் எதன் மீதும் முத்திரையிடலாம்.

மூன்று நிகழ்ச்சிகள்

முதல் நிகழ்ச்சி 2010ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஸ்டக்ஸ்நெட் என்று பெயரிடப்பட்ட தீநிரல் ஈரான் நாட்டின் யுரேனியச் செறிவூட்டல் யந்திரங்களைக் குறிவைத்துச் செய்யப்பட்டதாகும். கணிப்பொறிகள் அதனை ஐயமின்றி ஏற்றதற்கு ஒரு காரணம், அதன் சில பகுதிகள் தைவான் நாட்டைச் சேர்ந்த ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய நிறுவனங்களின் உண்மையான சாவிகளால் கையொப்பமிடப்பட்டிருந்தமையே. அந்நிறுவனங்களுக்கும் அத்தீநிரலுக்கும் தொடர்பில்லை. அவற்றின் சாவிகள் களவாடப்பட்டிருந்தன. முத்திரையே திருடு போன நிகழ்ச்சி இது.

இரண்டாவது நிகழ்ச்சி 2012ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அடோபி நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அந்நிறுவனம் தன் சாவியைக் கோப்பாக வைக்கவில்லை. அதற்கெனச் செய்யப்பட்ட வன்பொருள் பெட்டகத்திலேயே வைத்திருந்தது. ஆயினும், மென்பொருளை உருவாக்கும் சர்வர் ஒன்றுக்கு அப்பெட்டகத்திடம் கையொப்பம் கேட்டுப் பெறும் உரிமை இருந்தது. ஊடுருவியவர்கள் அந்தச் சர்வரைக் கைப்பற்றி, அதன் வாயிலாகத் தங்கள் தீநிரல்களுக்குக் கையொப்பம் பெற்றுக்கொண்டனர். சாவி பெட்டகத்தை விட்டு வெளியேறியதற்கு அடையாளம் எதுவும் காணப்படவில்லை. முத்திரை திருடு போகவில்லை. ஆனால், முத்திரையிடும் எழுத்தர் கேட்டவர்க்கெல்லாம் இட்டுக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது நிகழ்ச்சி இவ்விரண்டையும்விட நுட்பமானது. அமெரிக்காவைச் சேர்ந்த சோலார்விண்ட்ஸ் நிறுவனம், கணிப்பொறிப் பிணையங்களைக் கண்காணிக்கும் ஓரியன் என்னும் மென்பொருளை வழங்கி வந்தது. அந்நிறுவனத்தின் உருவாக்கச் சர்வருக்குள் ஊடுருவியவர்கள் அங்கே ஒரு காவல் நிரலை ஒளித்து வைத்தனர். ஓரியன் உருவாக்கப்படும் வேலை தொடங்கியவுடன் அது விழித்தெழும். மூலநிரற் கோப்பு ஒன்றை அகற்றித் தன் கோப்பை அவ்விடத்தில் வைக்கும். வேலை முடிந்ததும் பழைய கோப்பை மீண்டும் வைத்துவிடும். பொறியாளர்கள் பார்த்து வந்த மூலநிரற் காப்பகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. உருவான பொதியோ நஞ்சு கலந்தது. அதன் மீது நிறுவனத்தின் உண்மையான கையொப்பம், வழக்கமான முறையில், உரிய யந்திரத்தால் இடப்பட்டது.

2020ஆம் ஆண்டு மார்ச் முதல் ஜூன் வரை வெளியான இத்தகைய பொதிகளைச் சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் பெற்றிருக்கக்கூடும் என்று அந்நிறுவனம் கணித்தது. அவர்களுள் 9 அமெரிக்க மத்திய அரசுத் துறைகளிலும் சுமார் 100 தனியார் நிறுவனங்களிலும் மேற்கொண்டு ஊடுருவல் நடந்ததாக அந்நாட்டு அரசாங்கம் பின்னர்த் தெரிவித்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், தானும் பாதிக்கப்பட்ட ஃபயர்ஐ என்னும் பாதுகாப்பு நிறுவனம் இதனைக் கண்டறிந்து வெளியிட்டது. அதுவரை கையொப்பத்தைச் சோதித்த கணிப்பொறிகள் யாவும் அதனைச் சரியென்றே கூறி வந்தன. அவை கூறியதும் பொய்யன்று. பொதி அந்நிறுவனத்திலிருந்தே வந்தது; இடைவழியில் எவரும் அதனை மாற்றவில்லை. கலப்படம் மூட்டையில் நிகழவில்லை, வயலிலேயே நிகழ்ந்துவிட்டது.

கையொப்பத்தைச் சேர்க்கும் முறை

இம்மூன்று நிகழ்ச்சிகளும் தானியங்கு முறையில் கையொப்பத்தைச் சேர்ப்போர் கைக்கொள்ள வேண்டிய விதிகளைத் தாமே காட்டுகின்றன.

முதலாவது, இரகசியச் சாவி கோப்பாக இருத்தல் கூடாது. சாவியை உள்ளேயே பிறப்பித்து, உள்ளேயே வைத்துக் கையொப்பமிட்டு, வெளியே எடுக்க முயன்றால் இடங்கொடாத வன்பொருள் பெட்டகங்கள் உள்ளன. 2023ஆம் ஆண்டு ஜூன் 1 முதல், பொதுவாக நம்பப்படும் நிரல் கையொப்பச் சான்றிதழ்களுக்குரிய சாவிகள் யாவும் இத்தகைய வன்பொருளிலேயே வைக்கப்பட வேண்டும் என்பதைச் சான்றளிக்கும் அமைப்புகள் கட்டாயமாக்கியுள்ளன. சாவியையோ அதன் கடவுச்சொல்லையோ மூலநிரற் காப்பகத்தில் எழுதி வைத்தலும், உருவாக்கப் பணியின் நாட்குறிப்பில் அது அச்சாகும்படி விடுதலும் அறவே தவிர்க்கத் தக்கன.

இரண்டாவது, உருவாக்கும் சர்வரும் கையொப்பமிடும் சர்வரும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். கையொப்பமிடும் சர்வர் கேட்டதற்கெல்லாம் முத்திரையிடாமல், விண்ணப்பம் எந்தப் பணியிலிருந்து வந்தது, எந்த மூலநிரற் பதிப்பிலிருந்து பொதி உருவானது, சோதனைகள் தேறினவா என்று பார்த்த பின்னரே இடுதல் வேண்டும். சோதனைக்காக நாள்தோறும் உருவாகும் பொதிகளுக்குத் தனிச் சாவி பயன்படட்டும். அதனை வெளியார் கணிப்பொறிகள் நம்பத் தேவையில்லை. மக்களுக்குச் செல்லும் பொதிக்குரிய சாவியை உபயோகிக்க இரண்டு பொறுப்பாளர்களின் ஒப்புதல் தேவை என்று வைத்தல் நலம். யந்திரத்தின் வேகம் இதனாற் சிறிது குறையும். ஆனால், மாதத்தில் சில முறை மட்டுமே நிகழும் வெளியீட்டுக்கு அந்தத் தாமதம் பெரிதன்று.

மூன்றாவது, ஒவ்வொரு கையொப்பமும் பதிவேட்டில் ஏறுதல் வேண்டும். எந்தச் சுருக்கெண்ணுக்கு, எந்நேரத்தில், யாருடைய விண்ணப்பத்தின் பேரில் இடப்பட்டது என்பது அழிக்க இயலாதபடி குறிக்கப்பட வேண்டும். வெளியிட்ட பொதிகளின் பட்டியலையும் இப்பதிவேட்டையும் அவ்வப்போது ஒப்பு நோக்கினால், கணக்கில் வராத முத்திரை ஒன்று இருப்பின் புலப்பட்டுவிடும். அரசு அலுவலகங்களில் இருப்புப் பதிவேட்டைச் சரக்குடன் ஒப்பிடும் பழைய முறையே இது.

நான்காவது, கையொப்பமிட்ட பிறகு, இப்பணியில் ஈடுபடாத வேறொரு கணிப்பொறியில் பொதியைப் பெற்று, கையொப்பம் செல்லுமா என்று சரிபார்த்த பின்னரே வெளியிட வேண்டும். இச்சோதனை தவறினால் வேலை நிற்க வேண்டுமேயன்றி, எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு மேலே செல்லுதல் கூடாது.

கால முத்திரையின் பயன்

சான்றிதழுக்கு ஆயுள் உண்டு. அது முடிந்தபின் பழைய பொதிகள் யாவும் செல்லாதனவாகிவிட்டால் இடர்ப்பாடு நேரும். இதனைத் தவிர்க்கக் கையொப்பத்துடன் கால முத்திரையும் சேர்க்கப்படுகிறது. நம்பகமான மூன்றாமவர் ஒருவர், இக்கையொப்பம் இன்ன நேரத்தில் இருந்தது என்று தம் சாவியால் உறுதி கூறுகிறார். சான்றிதழ் உயிருடன் இருந்த காலத்தில் இடப்பட்ட கையொப்பம் பின்னரும் செல்லும்.

களவு நேர்ந்த காலத்திலும் இது கைகொடுக்கும். மேற்கூறிய அடோபி நிகழ்ச்சியில், 2012ஆம் ஆண்டு ஜூலை 10க்குப் பின் அச்சாவியால் கையொப்பமிடப்பட்டவை செல்லா எனக் கொள்ளும்படி, அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று சான்றிதழ் இரத்துச் செய்யப்பட்டது. அந்நாளுக்கு முற்பட்ட பொதிகளுக்கு ஊறு நேரவில்லை. நேரம் குறிக்கப்படாதிருந்தால் நல்லதையும் தீயதையும் ஒருங்கே தள்ள வேண்டியிருந்திருக்கும்.

வயலையும் பார்த்தல்

மூன்றாவது நிகழ்ச்சிக்கு மேற்கூறிய விதிகள் மட்டும் போதா. அங்கே சாவி பத்திரமாகவே இருந்தது. பிழை, முத்திரைக்கு முற்பட்ட இடத்தில் இருந்தது. இதற்குத் தக்க மருந்து, உருவாக்கும் சர்வரையே ஐயத்துடன் நோக்குவதாகும். ஒவ்வொரு பணிக்கும் புதிதாக அமைக்கப்பட்டு, பணி முடிந்ததும் அழிக்கப்படும் சர்வரில் ஒளிந்திருப்பது கடினம். சேர்க்கப்படும் துணை நிரல்களின் சுருக்கெண்களை முன்னரே குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் ஒப்பிடுதலும் வேண்டும்.

இவற்றினும் வலிய முறை ஒன்று உண்டு. ஒரே மூலநிரலிலிருந்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சர்வர்களில் தனித்தனியே பொதியை உருவாக்கி, இரண்டின் சுருக்கெண்களையும் ஒப்பிடுவதே அது. ஒன்றில் நஞ்சு கலந்தால் எண்கள் மாறுபடும். கேட்பதற்கு எளிதாயினும் செய்வதற்கு இது எளிதன்று. உருவான நேரம், கோப்புகளின் வரிசை, கணிப்பொறியின் பெயர் முதலியவை பொதிக்குள் பதிந்துவிடுவதால், கலப்படமில்லாத இரு பொதிகளும் வேறுபட்டுத் தோன்றும். இவ்வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் களையும் பணியில் டெபியன் என்னும் பொது மென்பொருள் இயக்கத்தினர் 2013 முதல் ஈடுபட்டு, ஆயிரக்கணக்கான பொதிகளை எங்கே உருவாக்கினும் ஒன்றாகவே அமையும்படி செய்துள்ளனர். எவரும் மீண்டும் உருவாக்கிச் சரிபார்க்கக்கூடிய பொதியின் மீது இடப்படும் கையொப்பமே முழுப் பொருளுடையது.

உபயோகிப்போர் கவனத்திற்கு

களப் பணியாளரும் ஆசிரியரும் ஆலையை நடத்துவோர் அல்லர். ஆயினும், முத்திரையைப் படிக்க வேண்டியவர்கள். கணிப்பொறியில் ஒரு மென்பொருளை நிறுவும்போது வெளியிட்டவர் யார் என்று திரையில் தோன்றும் பெயரை வாசித்தல் முதற் கடமை. பெயர் தெரியவில்லை என்ற எச்சரிக்கை தோன்றினால், வேலை அவசரத்தை முன்னிட்டு அதனைத் தாண்டிச் செல்லுதல் தவறு. புதுப்பித்தல்களை மென்பொருளுக்குரிய இடத்திலிருந்தே பெறுதல் வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அங்கே எல்லாச் செயலிகளும் கையொப்பமிடப்பட்டே இருக்கும்; ஆனால், அச்சாவி இன்னாருடையது என்று எந்தச் சான்றளிக்கும் அமைப்பும் கூறியிருக்க வேண்டியதில்லை. புதுப்பித்தல், முன்னர் நிறுவிய செயலியைச் செய்தவரிடமிருந்தே வருகிறது என்பதையே அக்கையொப்பம் முக்கியமாக உறுதி செய்கிறது. போலிச் செயலிக்கும் கையொப்பம் உண்டு. அது போலி செய்தவருடையது. அரசுத் திட்டங்களின் பெயரைத் தாங்கிய போலிச் செயலிகள் கைப்பேசிச் செய்திகளின் வழியே பரப்பப்பட்டதுண்டு. செய்தியுடன் இணைத்து அனுப்பப்படும் செயலியை நிறுவாமல், உரிய துறை அறிவித்த இடத்திலிருந்து மட்டுமே பெறும்படி உழவர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைத்தல் நற்பணியாகும்.

முத்திரை என்பது பொறுப்பேற்றலின் அடையாளம். அதை இடும் கை யந்திரத்தினுடையதாக மாறிவிட்டதனால் பொறுப்பு யந்திரத்திற்கு மாறிவிடுவதில்லை. வயலைப் பாராது சீட்டுத் தைப்பவர் உழவரை ஏமாற்றுபவர் ஆவார். உருவாகும் இடத்தைக் காவாது கையொப்பமிடும் ஆலையும் அத்தகையதே. சாவியைக் காத்தலும், ஆலையைத் தூய்மையாக வைத்தலும், முத்திரையைப் படித்து ஏற்றலும் ஒருங்கே நிகழும்போதுதான் அந்தச் சிறு எண் தன் கடமையைச் செய்ய இயலும்.